நாத்தனார் முடிச்சு

பெரார்கஞ்ச்
3 ஜனவரி 2025

நம் பெரார்கஞ்ச் முருகன் எல்லோரையும் காக்கட்டும்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஈஸ்வரன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன மாதக் காற்றில் உன் கூரையில் தகர ஷீட் பறந்துவிட்டதாக ஹட் பே ஆஸ்பத்திரி நர்ஸ் நளினி லீவில் வந்தபோது சொன்னாள். என்னிடம் போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதானே சொன்னாய்? உன் "நல்லா இருக்கு" எனக்குத் தெரியாதா!

நல்ல செய்தி. கார்த்திகா வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். தை இருபத்தெட்டு, பிப்ரவரி பத்தாம் தேதி காலையில் முகூர்த்தம். எங்கள் ஊர் முருகன் கோவில் மண்டபத்தில்தான். அவள் அப்பா உதயசூரியன் பெரிய கான்ட்ராக்டர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர். கரண்ட் ஆபீஸ் லைன்மேனுக்குப் பெண் கொடுப்பதா என்று ரொம்ப யோசித்தார். கார்த்திகாதான் பிடிவாதமாக நின்று சாதித்தாள்.

போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம். கோபப்படாமல் முழுதும் படி.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைத்தான் போடுவான். மற்ற இரண்டையும் அவன் அக்காவோ தங்கையோ போடவேண்டும். எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். சுனாமியில் அம்மா அப்பா இருவரும் போனபிறகு எனக்குச் சோறு போட்டு, தலை வாரிவிட்டு, ஐடிஐ வரை படிக்கவைத்தவள் நீ. அந்த முடிச்சை வேறொருத்தி போடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் சுமங்கலிதான் போடலாம் என்பார்கள். அத்தான் தவறிப்போனதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அத்தான் வேலை விஷயமாக மெயின்லாந்து போயிருக்கிறார், லீவு கிடைப்பது சந்தேகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ சர்ச்சுக்குப் போவதும் அவர்களுக்குத் தெரியாது. பெரார்கஞ்சில் நம் சித்தப்பா வீட்டைத் தவிர உன்னை யாரும் பார்த்ததில்லை, அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். நெற்றியில் ஒரு பொட்டு, தலையில் கொஞ்சம் பூ, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். ஒரு காலைப் பொழுது. ஜெபம், ஸ்தோத்திரம் என்று வாயில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம். உனக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்காக அக்கா, இந்த ஒரு தடவை.

உன் கையால் வளர்ந்த தம்பி
ஈஸ்வரன்


ஹட் பே
11 ஜனவரி 2025

என்னைக் கைவிடாத ஆண்டவருக்கு நன்றி.

தம்பி ஈஸ்வரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதற்குப் போனில் பதில் சொல்லியிருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. அதனால் நானும் பேனாவை எடுத்தேன். எழுதுவதில் ஒரு லாபம் இருக்கிறது. நடுவில் புகுந்து "அக்கா, அக்கா" என்று நீ குழைய முடியாது, கடைசி வரி வரைக்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவை எதிர்த்து நின்று உன்னைக் கட்டிக்கொள்கிறாளே, அந்தப் பெண்ணை இப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. நன்றாக இருங்கள்.

இனி சண்டை.

என் புருஷனை மெயின்லாந்துக்கு அனுப்பிவிட்டாயா? டிக்கெட் யார் எடுத்தது? எந்தக் கப்பல்? கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே அந்த மனுஷர்! ரவிச்சந்திரன் என்று ஒருவர் இருந்தார், பாமாயில் தோட்டத்தில் வேலை செய்தார், காய்ச்சலில் படுத்தார், செத்துப்போனார். பிள்ளை இல்லாத அவருக்கு நீதான் கொள்ளி வைத்தாய். கொள்ளி வைத்துவிட்டு, அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல உனக்கு எப்படியடா மனசு வந்தது?

அடுத்தது பொட்டு. பதினாறாம் நாள் என்னை நடுவீட்டில் உட்காரவைத்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். சித்தி ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். பிறந்த வீட்டுக் கோடித் துணியை என் தலைமேல் போட்டது நீ. வழக்கம் என்று போட்டாய், அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்குத் துடைத்ததை இன்றைக்கு ஒரு காலைப் பொழுதுக்கு வைத்துக்கொள் என்கிறாயே, அதுதான் தாங்கவில்லை. அழிப்பதும் நீங்கள், வரைவதும் நீங்கள். என் நெற்றி என்ன பள்ளிக்கூடத்துச் சிலேட்டா?

அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ டியூட்டிக்குத் திரும்பிவிட்டாய். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டி வாசலில் இட்லிக்கடை போட்டேன். விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிடுவேன். கப்பலுக்குப் போகிற நம் ஆட்கள் கடைப் பக்கம் வருவார்கள், வாங்கமாட்டார்கள். முதலில் வேறு யாராவது வாங்கட்டும் என்று தள்ளி நிற்பார்கள். பிரயாணம் போகிற நேரத்தில் தாலியறுத்தவள் கையால் முதல் போணி ஆகக்கூடாதாம். "வாங்கண்ணே, சூடா இருக்கு" என்றால் குனிந்து தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். எல்லோரும் தள்ளித் தள்ளி நிற்கையில் கப்பல் சங்கு ஊதிவிடும். இட்லி என் கண்ணெதிரே ஆறிப்போகும்.

ஜெட்டியைப் பெருக்குகிறவள், எல்லோரும் அக்கா முறையில் எஸ்தர் தீதி என்று கூப்பிடுகிற ஒருத்தி இருக்கிறாள், ராஞ்சிக்காரி. இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. ஒரு நாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு நேராக வந்து, "பஹ்லா பிளேட் மேரா" என்றாள். முதல் பிளேட் எனக்கு என்கிறாள். மறுநாளும் வந்தாள். மழையிலும் வந்தாள். லீவு நாளில் இட்லிக்காகவே நடந்து வந்தாள். "நீங்க சகுனம் பாக்கமாட்டீங்களா தீதி?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "நானும் புருஷன் இல்லாதவதான். எங்க யேசு ஒரு விதவையைப் பாத்துட்டு ரோட்டை மாத்திப் போனதா நான் கேட்டதே இல்ல" என்றாள், வாய் நிறைய இட்லியோடு.

அந்த யேசு யார் என்று பார்க்கத்தான் நான் அவள் பின்னால் போனேன். யாரும் அரிசி மூட்டையைக் காட்டி என்னை இழுக்கவில்லை.

ஆகையால் என் பதில் இது. வருவேன். என் நீலப் புடவையில், வெறும் நெற்றியோடு வருவேன். யார் கேட்டாலும் என் புருஷன் இறந்துவிட்டார் என்று சொல்வேன். மேடை ஏறி இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போடுவேன். சரி என்றால் எழுது, டிக்கெட் எடுக்கிறேன்.

உன் அக்கா
புஷ்பா


பெரார்கஞ்ச்
18 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் கரண்ட் கம்பத்தடியில் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு கம்பத்தில் ஏற முடியவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ சொல்வது எல்லாம் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு கல்யாணம் நடத்த முடியாது. நான் பொய் சொன்னது உன்னை அவமானப்படுத்தவா? உண்மையைச் சொன்னால் உன்னை மேடைப்பக்கமே விடமாட்டார்கள் என்றுதானே சொன்னேன்? உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதைப் புரிந்துகொள்ளாமல் சிலேட்டு, டிக்கெட் என்று நக்கலாக எழுதியிருக்கிறாய்.

உன் சர்ச்சில் மட்டும் எல்லோரும் உத்தமர்களா? எங்கள் சூப்பர்வைசர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் மகள் கல்யாணத்தில் விதவையான தன் சொந்தத் தங்கையைக் கடைசி வரிசையில்தான் உட்காரவைத்தார். என் கண்ணால் பார்த்தேன். சாமி மாறினால் ஆட்கள் மாறிவிடுவார்களா? இத்தனை ஜெபம் பண்ணுகிறாயே, உன் ஆண்டவர் உன் கூரைக்கு ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தாரா? இன்னும் அதே இட்லி, அதே ஒழுகல், அதே முழங்கால் வலி.

கல்யாணம் நின்றுபோனால் கார்த்திகாவின் கதி என்ன என்று யோசித்தாயா? அப்படியேதான் வருவேன் என்றால் வரவேண்டாம். முடிச்சுப் போட சித்தப்பா மகள் ப்ரியங்காவிடம் சொல்லிவிட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. முடிவாகத்தான் எழுதுகிறேன்.

ஈஸ்வரன்


ஹட் பே
27 ஜனவரி 2025

ஆண்டவர் எங்கேயும் போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறார்.

தம்பிக்கு,

ஷீட் போட்டுக் கொடுத்தாரா என்று கேட்டிருக்கிறாய். இல்லை, போட்டுக் கொடுக்கவில்லை. ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்திருக்கிறேன். ஜெபம் பண்ணினால் கூரை ஒழுகாது என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை, சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். காற்றடித்துக் கப்பல் கேன்சல் ஆனால் நான் அரைத்த மாவும் புளிக்கத்தான் செய்கிறது. "ஆண்டவரே, நாளைக்காவது கப்பலை விடும். இந்த மாவை எல்லாம் நீரா வந்து தின்பீர்?" என்று சண்டை போடுகிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறார். என் சண்டையை முழுதாகக் கேட்கிற ஆள் உன் அத்தானுக்குப் பிறகு அவர்தான். ராத்திரி வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பு இப்போது எனக்கு இல்லை. அது உனக்கு ஒரு ஷீட்டின் விலை பெறாது. எனக்குப் பெறும்.

உன் சூப்பர்வைசர் செய்தது தப்பு. எங்கள் சபையிலும் அப்படி நடந்தது. ஒரு கல்யாணத்தில் பூத்தட்டை என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுக்கப் பார்த்தார் பாஸ்டரம்மா. நான் விடவில்லை. "இந்தக் கையால வடிச்ச சோத்தைத்தான் இப்போ எல்லாரும் திங்கப் போறீங்க. சோறு ஆகும், தட்டு ஆகாதாம்மா?" என்றேன். எஸ்தர் தீதி கொல்லென்று சிரித்துவிட்டாள். தட்டு என் கையிலேயே இருந்தது. அந்தப் பாஸ்டரம்மாவே பிறகு வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். ஆட்கள் மாறுவார்களா என்று கேட்டாயே, சும்மா மாறமாட்டார்கள். தட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் சில பேர் மாறுவார்கள்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஞானஸ்நானம் எடுக்க என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவையும் அப்பாவையும் கொண்டுபோன அதே கடல். அன்றைக்குப் பிறகு நான் அதில் கால் நனைத்ததே இல்லை, உனக்குத் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. பாஸ்டர், "பயமா இருந்தா இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா" என்றார். "இல்ல, இன்னிக்கே முக்குங்க" என்றேன். முங்கி எழுந்தபோது கடலைப் பார்த்து என்ன சொன்னேன் தெரியுமா? "இனிமே உனக்கு நான் பயப்படமாட்டேன், போ" என்றேன். இப்போது அலைச் சத்தம் கேட்டால் தூக்கம் கெடுவதில்லை.

இன்னொன்று. இயேசுவைச் சிலுவையில் தொங்கவிட்டிருந்த நேரத்தில், இனி அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவருக்குக் கவலையாம். அந்த அம்மாவும் அப்போது புருஷன் இல்லாதவள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அபசகுனம், தள்ளி நில் என்று மகன் சொல்லவில்லை. அவள் கிட்டத்திலேயே நின்றாள். சாகிற வேதனையிலும் அவளை ஓர் ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அதைக் கேட்ட அன்று வாய்விட்டு அழுதேன். உன் அத்தான் போனபோதுகூட அப்படி அழவில்லை.

சரி. வரவேண்டாம் என்றாய், வரவில்லை. பொய்யோடு வர எனக்கு மனசில்லை, உண்மையோடு வர நீ விடவில்லை. ப்ரியங்கா நல்ல பிள்ளை, அவளே போடட்டும். எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைக்கமாட்டேன். உன்னைத் தூக்கி வளர்த்த கை இது.

ஒன்றை மட்டும் செய். கார்த்திகாவிடம் நீயே உண்மையைச் சொல். கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் சொல். வேண்டாம் என்று போய்விட்டால் போகட்டும். தெரிந்து உட்காரட்டும், ஏமாந்து உட்காரவேண்டாம்.

பத்தாம் தேதி முகூர்த்த நேரத்தில் கடையில் நின்றபடியே உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணுவேன். அதை வரவேண்டாம் என்று நீ சொல்ல முடியாது.

அக்கா
புஷ்பா


பெரார்கஞ்ச்
13 பிப்ரவரி 2025

அக்கா,

கல்யாணம் நடந்தது. முழுதாக நடக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், நீ பதறாமல் படி.

உன் கடைசிக் கடிதம் வந்தபிறகும் பல நாள் இழுத்தடித்தேன். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கார்த்திகாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எங்கப்பாகிட்ட சொன்ன சரி, எங்கிட்ட ஏன் பொய் சொன்னே?" என்று மட்டும் கேட்டாள். உன் இரண்டு கடிதங்களையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை. கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

வந்தாள். பட்டுப்புடவையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். மேளம் கொட்டியது. முதல் முடிச்சைப் போட்டேன். ப்ரியங்கா குனிந்து கயிற்றைத் தொட்டாள். கார்த்திகா கையைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றைப் பொத்திக்கொண்டாள். "நீ விடு ப்ரியங்கா. இது ஹட் பே அண்ணி போடவேண்டியது" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மேளக்காரர் நிறுத்திவிட்டார்.

"அவங்கதான் வரமுடியலன்னுட்டாங்களேம்மா, இப்போ என்ன அதுக்கு?" என்றார் அவள் அப்பா. அவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்கிற பார்வை.

எழுந்து நின்றேன் அக்கா. "வரமுடியலன்னு அவங்க சொல்லல மாமா. வரவேணாம்னு நான்தான் எழுதினேன். எங்க அத்தான் மெயின்லாந்துல இல்ல, செத்து மூணு வருஷமாச்சு. எங்க அக்கா விதவை. இப்போ சர்ச்சுக்குப் போறாங்க. என்னை வளத்தது அவங்கதான். இதையெல்லாம் மறைச்சது நான். அவங்க பொய் சொல்லமாட்டேன்னுட்டாங்க" என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு பொய்யனுக்கா பொண்ணக் குடுத்தேன்?" என்று மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். ஐயர் பாவம், "சுபகாரியம் பாதியில நிக்கப்படாதும்மா" என்று கெஞ்சினார். "பாதியில நிக்கல சாமி. மீதி ஹட் பேயில நடக்கும்" என்றாள் கார்த்திகா. அவள் அம்மா மரகதம் அத்தை மட்டும் கடைசிவரை இருந்து, வந்தவர்களுக்குப் பரிமாறினார். போகும்போது மகள் காதில், "ஒத்த முடிச்சுடி. அவுந்துடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா இன்னும் எங்களோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான், ஏமாந்தவர் அவர். சித்தப்பா வீட்டிலும் பேச்சில்லை. கார்த்திகா தாலிக்கயிற்றைக் கையில் பிடித்தபடியே சமைக்கிறாள். அவிழ்ந்துவிடும் என்று பயம்.

அடுத்த வாரம், இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறோம். நீ போடுவாயா அக்கா? மாட்டேன் என்றாலும் உன் வீட்டுக் குண்டானைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஷீட்டும் கொண்டுவருகிறேன், கூரையில் நானே ஏறுகிறேன்.

உன் தம்பி
ஈஸ்வரன்


ஹட் பே
17 பிப்ரவரி 2025

என் தம்பிக்கும், என் வீட்டுக்கு வரப்போகிற கார்த்திகாவுக்கும்,

கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். நான் அழுத அழுகையில் எஸ்தர் தீதி பதறிப்போய் யார் செத்தது என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, கல்யாணம் என்றேன். அவளும் சேர்ந்து அழுதாள். இட்லி வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போடுவாயா என்று கேட்கிறாயே, மடையா! போடாமல் வேறென்ன செய்வேன்?

ஆனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், வந்தபிறகு முகத்தைச் சுளிக்கக்கூடாது. ஜெபம் பண்ணித்தான் போடுவேன். வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பண்ணுவேன். எஸ்தர் தீதி பக்கத்தில் நிற்பாள். அதற்குச் சம்மதம் என்றால் கப்பல் ஏறு. கார்த்திகா எப்போதும்போல் பொட்டு வைத்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, முருகனைக் கும்பிட்டுக்கொண்டே வரட்டும். என் வீட்டில் யார் பொட்டையும் யாரும் துடைக்கமாட்டார்கள்.

உன் மாமனாருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. பொய் சொன்னவன் நீ, போய் அவர் காலில் விழுந்து நீயே கேட்டுக்கொள். உங்கள் மகளை நெஞ்சழுத்தக்காரியாக வளர்த்ததற்கு நன்றி, ஒரு நாள் இட்லி சாப்பிட வாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். வருகிறாரோ இல்லையோ, நான் கூப்பிட்டாகிவிட்டது.

ஷீட் கொண்டு வா, ஏறுவதற்கு ஆள் இருக்கிறது. நீ ஏறி விழுந்து தொலைக்காதே. கார்த்திகாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் எலுமிச்சம்பழம் கையில் வைத்திருக்கச் சொல், வெறும் வயிற்றில் ஏறவேண்டாம்.

வெள்ளிக்கிழமை கடை இல்லை. ஜெட்டிக்கு வருவேன். புதுப்பெண் இறங்குகிற நேரத்தில் எதிரே நிற்காதே, கொஞ்சம் ஒதுங்கிக்கொள் என்று சொல்ல அங்கே ஆட்கள் இருப்பார்கள். சொல்லிப் பார்க்கட்டும். ஏணிப்படிக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் முன்னால் நிற்பேன். கப்பலை விட்டு இறங்கியதும் கார்த்திகா முதலில் பார்க்கப்போவது என் முகத்தைத்தான்.

உங்கள் அக்கா
புஷ்பா